தேன் நிறத்து ஆயில்

அக்கா வீட்டில் அவனுக்கு இன்ஜினியர் என்று பெயர். வைத்தவர் அத்தான். பொறியியல் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, தேறிய பாடங்களைவிடப் பாக்கி வைத்த பாடங்கள் அதிகமாகி, பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, "வாங்க இன்ஜினியர்!" என்று வரவேற்றார் அந்த மனிதர். அது நடந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கு அவன் குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் குமாஸ்தா. நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் கூடி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில். பெயர் மட்டும் போகவில்லை. தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட "இன்ஜினியர் மாமா" என்றுதான் கூப்பிடும்.

அத்தான் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு வேடிக்கை கிடைத்துவிட்டால் அதைச் சக்கையாகப் பிழியாமல் விட மாட்டார்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலைக்குப் போய்வர ஒரு பழைய கார் வைத்திருந்தாள். பதினெட்டு வயது வண்டி. பின்பக்கக் கதவு ஒன்று உள்ளேயிருந்துதான் திறக்கும், கண்ணாடியை ஏற்றக் கையால் தூக்கிவிட வேண்டும். இருந்தாலும் அது ஒருநாளும் அவளை வழியில் விட்டதில்லை. அதற்குக் காரணம் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். பத்து வருடமாக அவர் கையைத் தவிர வேறு கை அந்த வண்டியில் பட்டதில்லை. சமீபத்தில்தான் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் மாற்றிக் கொடுத்திருந்தார்.

"அப்பவே இன்ஜின் ஆயிலையும் மாத்தச் சொல்லியிருக்கணும். மறந்துட்டேன்" என்றாள் அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது. "இப்போ அவர்கிட்ட நாலு வண்டி நிக்குது. விட்டா ரெண்டு நாள் ஆகும்."

"இதுக்கெல்லாம் மெக்கானிக் எதுக்குக்கா? அரை மணி நேர வேலை. அடுத்த வாரம் வரும்போது நான் மாத்தித் தரேன்" என்றான் அவன்.

அத்தான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "பாத்துப்பா இன்ஜினியர். போன வருஷம் மிக்ஸியைத் திறந்தே. அது இன்னும் வாயைத் திறக்கல."

அக்காவும் சிரித்துவிட்டாள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அவனுக்கு உள்ளே எங்கோ முள்ளாகத் தைத்து நின்றது. வாரம் முழுக்கப் போனில் வீடியோ பார்த்தான். ஆயில் வாங்கினான், ஃபில்டர் வாங்கினான், ஒரு ஸ்பேனர் செட்டே வாங்கினான்.

அடுத்த ஞாயிறு காலை, வீட்டு முன்னால் வண்டியின் முன்சக்கரங்களை இரண்டு மரக்கட்டைகள் மேல் ஏற்றி, கைப்பிரேக் போட்டு, பழைய பாய் ஒன்றை விரித்துக் கீழே நுழைந்தான். வீடியோவில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. இங்கே ஒரே கறுப்பு. அழுக்கும் மண்ணும் அப்பிக்கிடந்த இரும்பில் எது எதுவென்று பிடிபடவில்லை. இரண்டு போல்ட் கண்ணில் பட்டன. ஒன்று ஆறு பட்டை வைத்த தலை, சுற்றிலும் கரி படிந்து கிடந்தது. இன்னொன்றின் தலையில் சதுரமாக ஒரு குழி, சுற்றிலும் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருப்பதுதான் அடிக்கடி திறக்கிற போல்ட்டாக இருக்கும் என்று முடிவு கட்டினான். புது ஸ்பேனர் செட்டில் வந்த ராட்செட் கைப்பிடியின் சதுர முனை அந்தக் குழியில் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட.

ஆயில் தேன் நிறத்தில் இறங்கியது. அழுகிய முட்டை போல ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது. பழைய ஆயில் நாறத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டான். கீழே வைத்திருந்த தொட்டியில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் சேர்ந்தது. போல்ட்டை இறுக்கிவிட்டு ஃபில்டருக்குப் போனான். அது அசைந்து கொடுக்கவில்லை. கையால் திருகினான், துணி சுற்றித் திருகினான், முழங்கை சிராய்த்ததுதான் மிச்சம். கடைசியில் புது ஃபில்டரைச் சத்தமில்லாமல் பைக்குள் திரும்ப வைத்தான்.

"ஃபில்டரும் மாத்திட்டியா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள் அக்கா.

"மாத்தியாச்சு மாத்தியாச்சு."

எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு ஊற்றினால் போதும் என்று இரண்டு லிட்டரை மேலே ஊற்றினான். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தபோது ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. கம்பியைத் துடைத்து இன்னொரு தடவை விட்டுப் பார்த்தான். அப்படியேதான். குறையாமல் இருந்தால் சரி என்று மூடிவிட்டான். வண்டியைக் கிளப்பியதும் பின்னால் நீலப் புகை கிளம்பியது. "புது ஆயில்க்கா, ரெண்டு நாளைக்கு இப்படித்தான் இருக்கும்" என்றான். அத்தான் வாசலுக்கு வந்து இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "பரவாயில்லையே, தேறிட்டே!" என்று முதுகில் தட்டினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அன்றைக்கு அவன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில், மதியம், ஜீப் டிரைவரிடம் இந்தப் பிரதாபத்தை எடுத்துவிட்டான். டிரைவர் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"பழைய ஆயில் எப்படி வந்துச்சு சார்?"

"நல்லாத்தான் இருந்துச்சு. தேன் மாதிரி."

டிரைவரின் கை நின்றது. "தேன் மாதிரியா? ஓடின இன்ஜின் ஆயில் தார் மாதிரில்ல வரும்? நீங்க கியர் ஆயிலை எறக்கிட்டீங்களா?" என்று கேட்டு, தானே சிரித்தார். "விளையாடாதீங்க சார்."

"சும்மா சொன்னேன்பா" என்று அவனும் சிரித்தான். சிரித்த வாய் மூடுவதற்குள் எழுந்து நடந்தான்.

இருக்கைக்கு வந்து போனில் தேடினான். சதுரக் குழி போல்ட் கியர்பாக்ஸுடையது. கியர்பாக்ஸ் காய்ந்து கிடக்கிறது. இன்ஜினில் பழைய ஆயில் அப்படியே இருக்க, அதற்கு மேல் இரண்டு லிட்டர். அந்த வண்டியில்தான் அக்கா இரண்டு நாளாகப் போய்வந்துகொண்டிருக்கிறாள்.

போனை எடுத்தான். "அக்கா, வண்டியை எடுக்காதே" என்று தட்டினான். அனுப்பவில்லை. ஏன் என்று கேட்பாள், சொல்ல வேண்டும். அவள் அத்தானிடம் சொல்வாள், அத்தான் டிப்போவில் சொல்வார். அந்தக் குரல் இப்போதே காதில் விழுந்தது: "நம்ம இன்ஜினியர் இருக்காரே!" தட்டியதை அழித்தான். வியாழக்கிழமை அக்காவுக்கு விடுமுறை, கடைக்குக் கிளம்பிவிடுவாள். அத்தான் டிப்போவில் இருப்பார். லீவு போட்டுப் போய், யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம். நடுவில் புதன்கிழமை ஒரு நாள்தானே. ஒரு நாளில் என்ன ஆகிவிடும்? சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று தடவை போனை எடுத்தான், மூன்று தடவையும் வைத்தான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அத்தான் போன் பண்ணினார்.

"டேய், உங்க அக்கா பாலத்து மேல நடுரோட்டுல நின்னுட்டாடா! மழை கொட்டுது. கியர்பாக்ஸ் கடகடன்னு சத்தம் போட்டு அப்படியே இறுகிடுச்சாம். பின்னாடி வந்த லாரி பிரேக் அடிச்சு வழுக்கி ஒரு முழம் தள்ளி நின்னிருக்கு. ஒரு முழம்டா!" அந்தக் கணீர்க் குரல் நடுங்கியது. "அவளுக்கு ஒண்ணும் ஆகல. வாடகைக் கார் பிடிச்சு வேலைக்குப் போயிட்டா. நீ கொஞ்சம் வா."

அவன் போய்ச் சேர்ந்தபோது வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டு முன்னால் விட்டிருந்தார்கள். மழை விட்டிருந்தது. அத்தான் மெக்கானிக்கைத் தேடிக் கிளம்பினார். மெக்கானிக் உதிரிபாகம் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார், திரும்ப ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்; அத்தான் பட்டறையிலேயே காத்திருந்தார். வாசலில் வண்டியும் அவனும் மட்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவன் செய்ததுதான் பிறகு அவன் நினைத்து நினைத்துக் கூசிய காரியம். ஈரத் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நுழைந்தான். இந்தத் தடவை போல்ட் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கேயே விட்டுப்போயிருந்த ஸ்பேனரைக் கரி படிந்த தலையில் மாட்டித் திருகினான். தார் மாதிரி கறுப்பாக இறங்கியது, மணிக்கட்டு வரை வழிந்தது. இரண்டு லிட்டர் இறங்கியதும் மூடினான். அளவுக் கம்பியைப் பார்த்தான், இரண்டு கோட்டுக்கும் நடுவே கச்சிதமாக நின்றது. இறக்கியதைக் காலி ஆயில் கேனில் ஊற்றிப் பையில் மறைத்தான். தரையைத் துடைத்தான். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினான். அரை மணி நேர வேலை என்று அக்காவிடம் சொன்னானே, அரை மணிக்குள்ளேயே முடித்துவிட்டான்.

மெக்கானிக் வந்தார். ஐம்பத்தைந்து வயது, அதிகம் பேசாதவர். கீழே படுத்து, சதுரக் குழி போல்ட்டைத் திறந்தார். ஒரு சொட்டு விழவில்லை. விரலை விட்டு எடுத்தபோது இரும்புத்தூள் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒட்டிவந்தது. எழுந்து உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றார் அத்தான்.

"ஆயில் இல்ல சார்."

"இல்லன்னா?"

"போல்ட் இறுக்கமாத்தான் இருக்கு, எங்கயும் ஒழுகல. கிளட்ச் மாத்தும்போது பழசை எறக்கினேன். புதுசை..." நிறுத்தினார். "ஊத்தினதாத்தான் ஞாபகம்."

அவ்வளவுதான், அத்தான் வெடித்தார். "ஞாபகமா? என் பொண்டாட்டி லாரிக்கு அடியில போயிருப்பாய்யா! ஞாபகமாம்! பத்து வருஷமா நம்பி விட்டதுக்கு நல்லா செஞ்சே!" அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. பால்கனிகளில் தலைகள் தெரிந்தன. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். மெக்கானிக் ஒரு வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிந்து நிற்பது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். எங்கே பார்ப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

பிறகு திரும்பி அவனைக் கேட்டார். குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, உதவி கேட்கிற தொனி. "தம்பி, நீங்கதானே ஞாயித்துக்கிழமை ஆயில் மாத்துனீங்க? அப்போ கீழ ஏதாவது வித்தியாசமா பாத்தீங்களா?"

இப்போது சொல்லியிருக்கலாம். சொல்வதற்கென்றே கொடுத்த இடம் போல இருந்தது அது. அவன் அத்தானைப் பார்த்தான், பால்கனிகளைப் பார்த்தான்.

"இல்லையே. நான் இன்ஜின் ஆயில் மட்டும்தான் மாத்தினேன்."

மெக்கானிக் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். நிறத்தைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை, அளவை மட்டும் பார்த்தார். "ம், இது சரியா இருக்கு" என்று சொல்லிக் கம்பியை மெதுவாகத் துடைத்தார். "அப்போ நான்தான். மன்னிச்சிடுங்க சார். வண்டியை நானே எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணித் தரேன். ஒண்ணும் தர வேண்டாம்."

பத்தே நாளில் வேறு கியர்பாக்ஸ் போட்டு வண்டி திரும்ப வந்தது. ஆனால் அத்தானின் வாய் அதற்கு முன்பே ஊரைச் சுற்றி வந்துவிட்டது. டிப்போவில் சொன்னார், மருந்துக்கடையில் சொன்னார், தண்ணீர் கேன் போடுகிறவரிடம்கூடச் சொன்னார். பட்டறை முன்னால் எப்போதும் நிற்கும் நாலு வண்டி இரண்டாயிற்று, பிறகு ஒன்றாயிற்று. அவன் அந்த வழியாக வருவதை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தான். வேறு யாராவது மெக்கானிக் பேச்சை எடுத்தால் காது மடல் சுட்டது. கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூன்று வாரம் அப்படியே போயிற்று.

அடுத்து வந்த ஞாயிறு, சாப்பிடும்போது, அக்கா தானாகவே பேச்சை எடுத்தாள்.

"மெக்கானிக் நேத்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். என்னைத் தனியா பாக்கணும்னு."

"எதுக்கு?" என்றார் அத்தான்.

"அவங்க அப்பாவுக்கு இந்த வயசுலதான் மறதி ஆரம்பிச்சுதாம். முதல்ல சின்னச் சின்ன விஷயம். கடைசியில பெத்த பிள்ளையையே யாருப்பா நீன்னு கேட்டாராம். 'எனக்கும் வந்துடுச்சு போல சிஸ்டர், ஆயில் ஊத்தினது கண்ணுக்குள்ள அப்படியே நிக்குது, ஆனா ஊத்தல'ன்னு சொல்லி அழுதுட்டார். இத்தனை பெரிய மனுஷன். நரம்பு டாக்டர்கிட்ட நாள் வாங்கிக் கொடுத்திருக்கேன். பட்டறையை மூடிடலாம்னு இருக்காராம்."

அத்தான் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். "நான் அன்னைக்குக் கொஞ்சம் அதிகமாத்தான் கத்திட்டேன்" என்றார்.

அவன் தண்ணீரை எடுத்துக் குடித்தான். அப்போதும் சொல்லவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிப் பாதியில் எழுந்துகொண்டான். அக்கா ஓமம் மாதிரி ஏதோ கலக்கிக் கொடுத்து, "வேளாவேளைக்குச் சாப்பிடுடா" என்று தலையைத் தொட்டாள். அந்தக் கையை அவனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மதியம் அரைநாள் லீவு போட்டுப் பட்டறைக்குப் போனான். இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பினான். உள்ளே ஒரே ஒரு கார் நின்றது. மெக்கானிக் சக்கரத்துப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அவர் மனைவி, மடியில் நோட்டுப் புத்தகம்.

"பிரேக் ஆயில் ஊத்தியாச்சா?" என்று அந்தம்மா வாசித்தாள்.

"ஊத்தியாச்சு."

"நான் பாக்கல. திறந்து காட்டுங்க."

அவர் மூடியைத் திறந்து காட்டினார். அந்தம்மா எட்டிப் பார்த்து ஒரு கோடு போட்டாள். முப்பது வருடம் தொழில் செய்தவர், பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்.

அவன் உள்ளே போய் நின்றான். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"அண்ணே, நீங்க ஆயில் ஊத்தினீங்க. நான்தான் எறக்கிட்டேன்."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். அவன் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. வந்தது சந்தேகம்.

"சிஸ்டர் அனுப்பினாங்களா?"

"இல்லண்ணே."

"நான் அங்க போய் அழுதேன். அதான் எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு உங்களை இப்படிச் சொல்லச் சொல்லியிருக்காங்க. நல்ல மனசு அவங்களுக்கு. வேண்டாம் தம்பி."

அவனுக்குத் திக்கென்றது. தப்பை ஒப்புக்கொள்வது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். தப்புச் செய்தது நான்தான் என்று நிரூபிக்க வேண்டிவரும் என்று அவன் நினைக்கவே இல்லை.

"சத்தியமா நான்தான். சதுரக் குழி வெச்ச போல்ட். பக்கத்துல எல்லாம் துடைச்ச மாதிரி இருந்துச்சு."

"துடைச்சது நான்தான். அதை யார் வேணா குனிஞ்சு பாத்துச் சொல்லலாம்." மெக்கானிக் எழுந்து பக்கத்தில் வந்தார். "எதை வெச்சுத் திறந்தீங்க?"

"ராட்செட்டோட முனையை அப்படியே விட்டு."

"எவ்வளவு வந்துச்சு?"

"ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல். தேன் நிறம்."

"வாசனை?"

"அழுகின முட்டை மாதிரி. குமட்டிக்கிட்டு வந்துச்சு."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். காரின் மேல் ஒரு கையை ஊன்றினார். "ஆமா" என்றார். "அப்படித்தான் நாறும்." பிறகு கண்ணைத் திறந்து கேட்டார்: "அப்போ இன்ஜின்ல அளவு எப்படிச் சரியா இருந்துச்சு?"

இதுதான் எல்லாவற்றிலும் கேவலமான பகுதி. அதையும் சொன்னான். அவர் வருவதற்கு முன்னால் படுத்து இறக்கியது, கேனைப் பையில் வைத்தது, கையைக் கழுவியது.

நோட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. அந்தம்மா எழுந்து நின்றாள். "மூணு வாரமா இந்த மனுஷன் தூங்கல. தூக்கத்துல எழுந்து என் பேரைச் சொல்லிச் சொல்லிப் பாக்கறாரு, மறந்துடுமோன்னு. உன் ஒரு பொய்க்கு! நீயெல்லாம் படிச்சவனா?"

"படிக்கலம்மா" என்றான் அவன். கிண்டலாகச் சொல்லவில்லை. வாயில் வந்தது அதுதான்.

"நீ சும்மா இரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தார். அவர் குரலில் இப்போது கோபம் வந்திருந்தது, சத்தம் இல்லாத கோபம். "எங்கிட்ட சொன்னது பத்தாது தம்பி. வாங்க, உங்க அக்கா வீட்டுக்கு. நானும் வரேன். நான் பக்கத்துல நிக்கும்போது சொல்லுங்க."

இரண்டு பேரும் தெருமுனையிலிருந்து நடந்தே வந்தார்கள். அக்கா காலை வேலை முடித்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவன் நின்றபடியே சொன்னான். பாதியில் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு கேலிகூட வரவில்லை. முழுவதும் கேட்டு முடித்து எழுந்தார், நேராக மெக்கானிக்கிடம் போனார், அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களை நடுத்தெருவுல நிக்க வெச்சேனே" என்றார்.

அக்கா துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"எது?"

"போல்ட்டு மாறிப்போச்சுன்னு. வண்டி நின்னதுக்கு அப்புறமா, அதுக்கு முன்னாடியா?"

இதை யாரும் அவனைக் கேட்டிருக்கவில்லை, அவனும் சொல்லியிருக்கவில்லை. அப்புறம்தான் என்று சொல்லியிருந்தால் அதைப் பொய் என்று சொல்ல ஜீப் டிரைவரைத் தவிர ஆள் இல்லை.

"முன்னாடி. செவ்வாய்க்கிழமை மதியமே."

"புதன்கிழமை நான் பாலத்துல நின்னேன்."

"போன் எடுத்தேன்கா. நாலு தடவை எடுத்தேன். வெட்கமா இருந்துச்சு."

"வெட்கமா?" அக்கா அந்த வார்த்தையை இதுவரை கேட்டிராதது போலச் சொன்னாள். "நான் செத்திருந்தா உன் வெட்கம் போயிருக்குமாடா?"

அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மெக்கானிக் தொண்டையைச் செருமி, "சிஸ்டர்கிட்ட சொல்லுங்க சார், டாக்டர்கிட்ட நான் போகத்தான் போறேன். வாங்கின நாள் வாங்கினதாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போய்க் காட்டவும் செய்தார். எல்லாப் பரிசோதனையும் முடித்து, ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

கியர்பாக்ஸுக்கு ஆன பணத்தை அவன் கொண்டுபோய்க் கொடுத்தான். மெக்கானிக் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். அது அவனுக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. பிறகு அத்தான் எங்கெல்லாம் சொன்னாரோ அங்கெல்லாம் அவன் போனான். யாரும் போகச் சொல்லவில்லை. மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்க நின்றவர்களுக்கு நடுவில் சொன்னான். டிப்போ வாசலில் டிரைவர்கள் கூடி நின்ற இடத்தில் சொன்னான். சிலர் சிரித்தார்கள். ஒருவர் முகத்துக்கு நேராகவே காறித் துப்பாத குறையாகப் பேசினார். தண்ணீர் கேன்காரர் மட்டும் முழுவதும் கேட்டுவிட்டு, "சரி சார், உங்களுக்கு எத்தனை கேன்?" என்றார். ஒவ்வொரு இடத்திலும் உடம்பு முழுக்க வியர்த்தது. அடுத்த இடத்தில் குறையும் என்று நினைத்தான், குறையவில்லை. பட்டறை முன்னால் வண்டிகள் திரும்ப நிற்க ஆரம்பித்தன. ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டுப் பார்க்க இப்போது யாரும் இல்லை. அந்தம்மா மட்டும் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஆறாவது வாரம் அத்தான் போன் பண்ணி, "அவ உனக்கும் சேர்த்துச் சமைச்சிருக்கா. அவ வாயால கூப்பிட மாட்டா. நீயா வந்துடு" என்றார்.

போனான். அக்கா தட்டை வைத்தாள், பரிமாறினாள், எதிரே உட்கார்ந்தாள். அத்தான் ஏதோ டிப்போ கதையை எடுத்துப் பாதியில் விட்டுவிட்டார்.

"எனக்கு இன்னும் ஆறல" என்றாள் அக்கா, தட்டைப் பார்த்தபடியே.

"தெரியும்கா."

"எப்போ ஆறும்னும் தெரியல."

"சரிக்கா."

அவள் கரண்டியை எடுத்து, அவன் கேட்காமலே இன்னும் கொஞ்சம் போட்டாள். அவன் தலைநிமிராமல் சாப்பிட்டான்.